அடுக்களையும் பாடவிதானமும்

1

பாடவிதானத்தைப் பற்றிய விவாதம் எமது நாட்டில் பெரும்பாலும் இரண்டு வேளைகளில் மாத்திரமே எழுகின்றது. பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும்போது ஒரு முறை. அரசாங்கம் ஒன்று சீர்திருத்தம் ஒன்றை அறிவிக்கும்போது மற்றொரு முறை. 2025 இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தம் 2026 இல் முதலாந் தரத்திலும் ஆறாந் தரத்திலும் ஆரம்பமாகும் என்று கூறப்பட்டது. ஆறாந் தரத்து ஆங்கிலத் தொகுதியில் இடம்பெற்ற இணையத்தள முகவரி ஒன்று பெரும் ஆரவாரத்துக்குக் காரணமாயிற்று. அத்தரத்துக்குரிய மாற்றம் 2027 வரை பிற்போடப்பட்டது. அம்முகவரி எவ்வாறு புகுந்தது, பொறுப்பாளர் யார் என்பன விசாரிக்கப்பட வேண்டியவையே. எனினும், பாடவிதானம் முழுவதையும் பற்றி நாடு நடத்தியிருக்க வேண்டிய ஆராய்ச்சி, ஒரு பக்கத்தைப் பற்றிய கூச்சலாகச் சுருங்கிப் போனமை வருந்தத்தக்கது. கேட்கப்படாது போன வினாக்கள் பல. அவற்றுள் ஒன்றையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. ஆணும் பெண்ணும் ஒரே புத்தகத்தைப் படித்து ஒரே பரீட்சையை எழுதுவதனாற் கல்வியிற் சமத்துவம் ஏற்பட்டுவிடுகின்றதா?

ஆம் என்போர் பலர். அவர்கள் காட்டும் சான்றுகள் அற்பமானவையல்ல. இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பயில்வோருள் பத்துப்பேரில் ஆறு பேருக்கு மேற் பெண்கள். பொதுப் பரீட்சைகளிற் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிடச் சிறந்த பெறுபேறுகளைப் பெறுவதும், இடைநடுவிற் பாடசாலையை விட்டு விலகுவோருள் ஆண்பிள்ளைகளே மிகுதியாயிருப்பதும் ஆசிரியர் அனைவரும் அறிந்தவை. அப்படியாயின் இன்னும் என்ன குறை?

குறை பாடசாலையின் வாயிலுக்கு வெளியே தெரிகின்றது. தொழில் செய்யும் வயதுடைய பெண்களில் மூவருள் ஒருவரே ஊழியப்படையில் உள்ளார். ஆண்களிலோ பத்துப்பேரில் ஏழு பேரளவில் உள்ளனர். 2024 பொதுத்தேர்தலின் பின் 225 பேர் கொண்ட பாராளுமன்றத்திற் பெண்கள் பத்திலொரு பங்கு அளவினரே. பல்கலைக்கழகத்தினுள்ளேயும் பொறியியற் பீடங்களில் அவர்கள் சிறுபான்மையினர். 2017 இல் எடுக்கப்பட்ட காலப்பயன்பாட்டு ஆய்வு, எல்லாரும் அறிந்த ஒன்றைக் கணக்காக எழுதிக் காட்டியது: கூலியற்ற வீட்டுவேலையின் பெரும்பாரம் பெண்களையே சார்ந்திருக்கின்றது. பரீட்சை மண்டபத்திற் சமமாக, ஏன், மேலாகவே இருந்தவள் வாழ்க்கையிற் பின்தங்குவது எங்ஙனம்? சந்தையும் சட்டமும் இதற்குப் பொறுப்பு. ஆயின் பாடசாலைக்கு இதில் யாதொரு பங்கும் இல்லையா?

2

இவ்வினாவை விளங்கிக்கொள்ள, எமது பெண்கல்வி எந்நோக்கத்தோடு தொடங்கியது என்பதை நினைவுகூர்தல் நலம். அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரியைத் தொடங்கினர். 1824 இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். பெண்ணுக்கு எழுத்தறிவித்தல் வேண்டாத செயல் என்று கருதப்பட்ட காலத்தில் அது துணிகரமான முயற்சி. ஆனால் செமினரியிற் கற்றுத் தேறிய ஆடவருக்குத் தகுந்த கிறிஸ்தவ மனைவியர் வேண்டுமென்பது அம்முயற்சியின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. சைவர்களின் மறுமொழியும் இதே தடத்திற் சென்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இற் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். பின்னர், டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்படுவதை எதிர்த்தவரும் அவரே.

கல்லூரி கட்டியவர் வாக்குரிமையை மறுத்தாரே என்று வியப்போருண்டு. அவருடைய எண்ணப்படி இதில் முரண்பாடில்லை. கற்ற மனைவி, பண்புடைய தாய், ஒழுங்கான இல்லம் என்பவையே அக்கல்வியின் பயன். வாக்குச்சாவடி அப்பயனுள் அடங்குவதன்று. மிஷனரிமாரும் அவர்களை எதிர்த்த சைவப் பெரியாரும் சமயத்தில் மாறுபட்டனர். பெண்ணைக் கற்பிப்பது வீட்டின் பொருட்டே என்பதில் இரு சாராரும் பெரிதும் உடன்பட்டனர். வாயில் திறக்கப்பட்டது, போய்ச்சேர வேண்டிய இடம் முன்னரே நிச்சயிக்கப்பட்டிருந்தது.

சர்வசன வாக்குரிமை 1931 இல் இருபாலாருக்கும் கிடைத்தது. கன்னங்கராவின் முயற்சியினால் 1945 இல் இலவசக்கல்வி நடைமுறைக்கு வந்தது. பெண்களின் வரலாற்றில் இதன் முக்கியத்துவம் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. கட்டணம் செலுத்திக் கற்கும் முறையிலே, ஒரு பிள்ளையின் கட்டணத்துக்கு மாத்திரமே வசதியுள்ள தகப்பன் மகனையே தெரிவு செய்தான். கட்டணம் ஒழிந்ததும் அத்தெரிவுக்குரிய காரணத்திற் பாதி ஒழிந்தது. தாய்மொழிப் போதனை பரவியதும், கிராமங்களிற் பாடசாலைகள் பெருகியதும் மிகுதியைச் செய்தன. பெண் பாடசாலைக்கு வந்தாள், தங்கினாள், முன்னேறினாள்.

எனவே, எமது நாட்டுப் பெண்கல்வி தோல்வியடைந்தது என்று கூறுவது வரலாற்றுக்கு மாறாகும். ஆனால் அதன் வெற்றியின் தன்மையை நோக்குதல் வேண்டும். ஆணுக்கென வகுக்கப்பட்டிருந்த பாடங்கள் பெண்ணுக்குத் திறந்துவிடப்பட்டன. பெண்ணுக்கென ஒதுக்கப்பட்டிருந்த வேலையைக் கற்க ஆண் அழைக்கப்படவேயில்லை. இதன் விளைவாக, படித்த பெண் ஒருத்தி தன் தாய் செய்த வேலையனைத்தையும் செய்துகொண்டு தகப்பன் செய்த வேலையையும் செய்ய வேண்டியவளாகிறாள். அல்லது இரண்டிலொன்றைக் கைவிடுகிறாள். கைவிடப்படுவது எதுவென்பதை மேலே கூறிய ஊழியப்படைக் கணக்குச் சொல்லும்.

3

ஆகவே வீட்டு வேலையைப் பாடவிதானத்தினுட் கொண்டுவர வேண்டுமென்றால், உடனே ஐயம் பிறக்கும். கைவேலையைக் கல்வியோடு இணைக்கும் முயற்சிகள் இந்நாட்டிற் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அவ்வையம் நியாயமானதே. அவ்வரலாற்றிலேயே விடையும் இருக்கின்றது.

1930களிற் கண்டி மாவட்டத்து ஹந்தெஸ்ஸவில் ஆரம்பித்த கிராமியக் கல்வித் திட்டம், கிராமத்து வாழ்க்கையையும் தொழிலையும் பாடசாலைக் கல்வியின் மையமாக்க முயன்றது. கல்விச் சிந்தனை என்ற அளவில் அது மதிக்கத்தக்கது. ஆனால் பட்டணத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் உத்தியோகமும், கிராமத்துப் பிள்ளைக்கு மண்வெட்டியுமா என்று மக்கள் ஐயுற்றனர். திட்டம் வேரூன்றவில்லை.

1971 ஏப்பிரலில், படித்தும் வேலையற்றிருந்த கிராமத்து இளைஞரின் கிளர்ச்சி நாட்டை உலுக்கியது. அதன் நிழலிலேயே 1972 இன் பாடவிதானச் சீர்திருத்தம் ஆறாந் தரத்தில் ஆரம்பமாயிற்று. அதன் நன்மைகளுள் ஒன்று போதிய அளவு பேசப்படுவதில்லை. கணிதமும் ஒன்றிணைந்த விஞ்ஞானமும் இருபாலாருக்கும் கட்டாயமாயின. விஞ்ஞானத்தை ஏறெடுத்தும் பார்த்திராத எத்தனையோ பெண்பிள்ளைகளுக்கு அக்கதவு திறந்தது. அதனுடன் தொழில்முன்னிலைப் பாடங்கள் என்ற புதுமையும் புகுந்தது. பாடசாலை அமைந்த பிரதேசத்தின் தொழில்களை ஆராய்ந்து, மாணவர் அவற்றைக் கற்க வேண்டுமென்பது ஏற்பாடு. தலையும் கையும் ஒருங்கே பயில வேண்டுமென்ற அக்கொள்கையை எந்த முற்போக்காளனும் வரவேற்பான்.

ஆனால் 'பிரதேசத்தின் தொழில்' என்பது சாதியால் வகுக்கப்பட்ட சமுதாயத்தில் எதைக் குறிக்கும்? மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளைக்கு வலையும், குயவர் வாழும் ஊர்ப் பிள்ளைக்குச் சக்கரமும், தோட்டத்துப் பிள்ளைக்குக் கொழுந்தும் என்றால், எந்தக் குலத்தொழிலிலிருந்து தப்பும்பொருட்டுப் பாடசாலைக்கு வந்தானோ அதே தொழில் அவனுக்கு நேரசூசியில் வந்து நிற்கும். ஆணுக்குத் தச்சும் பெண்ணுக்குத் தையலும் என்ற பிரிவினையையும் இந்த ஏற்பாடு பெரிதும் தொடாமலே விட்டது. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் அத்திட்டம் கைவிடப்பட்டபோது அதற்காக அழுதவர் சிலரே.

அது கைவிடப்பட்டமைக்கு அரசியற் காரணங்கள் பலவுண்டு. இங்கு எமக்கு வேண்டியது ஒரு படிப்பினையே. குயவன் மகன் மட்பாண்டம் வனையக் கற்பதில் இழிவில்லை. அவன் மாத்திரமே கற்கவேண்டும் என்பதில் அநீதி இருக்கின்றது. டாக்குத்தரின் மகனும் அச்சக்கரத்தின் முன்னே இருந்து கையிற் சேறு பூசிக்கொள்ள நேர்ந்திருந்தால், அப்பாடத்தின் பொருளே வேறாகியிருக்கும். பிறப்பினால் ஒருவனுக்கு ஒதுக்கப்பட்ட வேலையைப் பாடசாலையும் அவனுக்கே ஒதுக்குமாயின், அது அடிமைத்தனத்துக்குச் சான்றிதழ் வழங்குகின்றது. அதே வேலையை எல்லாருக்கும் பொதுவாக்குமாயின், அவ்வேலையின் மீது பூசப்பட்டிருந்த இழிவைத் துடைக்கின்றது. சாதிக்குப் பொருந்தும் இவ்விதி பாலுக்கும் பொருந்தும்.

4

இன்றைய நிலையை இவ்விதியைக் கொண்டு அளந்து பார்ப்போம். க.பொ.த. சாதாரண தரத்தில் மாணவர் தெரிவு செய்யும் பாடத்தொகுதி ஒன்றில் மனைப்பொருளியல் இருக்கின்றது. அதே தொகுதியில் விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும், தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலும், நிர்மாணம், இயந்திரவியல், மின்னியல் சார்ந்த வடிவமைப்புப் பாடங்களும் உள. ஆண் இதைப் படிக்க, பெண் அதைப் படிக்க என்று எந்தச் சுற்றறிக்கையும் கூறுவதில்லை. கூற வேண்டிய அவசியமுமில்லை. பெண்கள் பாடசாலைகளிலே இயந்திரவியற் பட்டறையைக் காண்பது அரிது; ஆண்கள் பாடசாலைகளிலே மனைப்பொருளியல் ஆசிரியையைக் காண்பது அதனிலும் அரிது. கலவன் பாடசாலைகளில் இரண்டும் இருக்கலாம். மனைப்பொருளியல் வகுப்பில் ஆண்பிள்ளையொருவன் போய் அமர்ந்தால் அன்று மாலையே அவனுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிடும். எழுத்திற் சுதந்திரமான தெரிவு. நடைமுறையில் பழைய ஒதுக்கீடு. வீடு தீர்மானித்ததைப் பாடசாலை கையொப்பமிட்டு அங்கீகரிக்கின்றது.

இது மாற்றவொண்ணாததா? யப்பானின் அனுபவத்தை நோக்குவோம். யுத்தத்தின் பின் ஒரே கல்வி என்று கூறப்பட்ட அந்நாட்டில், 1958 இன் பாடவிதானம் கனிட்ட இடைநிலைப் பாடசாலையில் ஆண்களுக்குத் தொழினுட்பத்தையும் பெண்களுக்கு மனையியலையும் பிரித்து வைத்தது. 1973 இலிருந்து சிரேட்ட இடைநிலைப் பாடசாலையிற் பெண்பிள்ளைகள் யாவருக்கும் மனையியல் கட்டாயமாயிற்று. ஆண்களுக்கு அக்கட்டாயம் இருக்கவில்லை. மறு ஆண்டு, 1974 இல், மனையியலை இருபாலாருக்கும் பொதுப்பாடமாக்கக் கோரும் சங்கம் ஒன்று தோன்றியது. பெண்கள் வாக்குரிமைக்காக வாழ்நாள் முழுவதும் போராடிய இச்சிகாவா புசாயே அதன் முன்னோடிகளுள் ஒருவர். அவர்கள் மனையியலை ஒழிக்குமாறு கேட்கவில்லை. ஆண்களுக்கும் கற்பிக்குமாறு கேட்டனர். பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சர்வதேசச் சமவாயம், இருபாலாருக்கும் ஒரே பாடவிதானம் வேண்டுமென விதிக்கின்றது. 1985 இல் யப்பான் அதனை ஏற்றபோது பழைய ஏற்பாடு நிலைக்க முடியாததாயிற்று. 1993 இற் கனிட்ட பிரிவிலும் 1994 இற் சிரேட்ட பிரிவிலும் மனையியல் பொதுப்பாடமாயிற்று. சுவீடன் இதனை 1962 இன் பாடவிதானத்திலேயே செய்துவிட்டது.

யப்பானிய ஆடவர் இன்று வீட்டு வேலையிற் சரிபாதியைச் செய்கின்றனர் என்று எவரும் கருத வேண்டியதில்லை. செல்வந்த நாடுகளுள் அவர்கள் அவ்வகையிற் பின்தங்கியே உள்ளனர். நீண்ட வேலைநேரமும் தொழிற்சாலையின் எதிர்பார்ப்பும் ஒரு பாடத்தினால் மாறிவிடுவதில்லை. பாடவிதானம் சமுதாயப் புரட்சியின் இடத்தைப் பிடிக்காது. ஆனால் இன்னதுதான் ஆணின் வேலை என்று அரசே முத்திரை குத்துவதை அது நிறுத்த முடியும். அந்த முத்திரையே பலருடைய கடைசி நியாயமாக இருந்து வருகின்றது. இலங்கை அதே சமவாயத்தை 1981 இலேயே ஏற்றுக்கொண்ட நாடு என்பதை ஈண்டு நினைவூட்ட வேண்டும்.

5

இதற்கெதிராகக் கூறப்படக்கூடிய ஆட்சேபங்கள் மூன்று. அவற்றை இலேசாகத் தள்ளிவிடலாகாது.

முதலாவது, குடும்ப வாழ்வின் ஒழுங்கைத் தீர்மானிப்பது பெற்றோரின் உரிமை. பாடசாலை அதில் தலையிடலாமா என்பது. இவ்வாட்சேபம் எமக்குப் புதியதன்று. 1929 அளவில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சாதி வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டுமென்ற நிபந்தனை வந்தபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த ஆட்சேபமும் இதுவே. வாலிபர் காங்கிரஸ் போன்ற முற்போக்குச் சக்திகள் சம ஆசனத்தையும் சம போசனத்தையும் ஆதரித்து நின்றன. மறுபுறத்திற் பாடசாலைகள் தீயிடப்பட்டமையும் உண்டு. அன்று திண்ணையில் அமர முடியாதவனின் பிள்ளை வாங்கிலே அமர்ந்தது. வீடு ஒப்புக்கொள்ளும் வரை பாடசாலை காத்திருந்திருக்குமானால், அப்பிள்ளை இன்றும் நிலத்திலேயே இருந்திருக்கும். வீட்டின் வழக்கம் ஒரு பிள்ளையின் மனிதத்துவத்தைக் குறைக்கும்போது, பாடசாலை அவ்வழக்கத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்ற முடிவுக்கு நாம் அன்றே வந்துவிட்டோம்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எவரை நேசிக்க வேண்டும், எந்தத் தெய்வத்தை வணங்க வேண்டும், தாயையும் தந்தையையும் எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்று பாடசாலை கட்டளையிடலாகாது. மாணவனின் தகப்பனை வகுப்பிற் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பாடம் நல்ல பாடமன்று. பாடசாலை கொடுக்க வேண்டியவை இரண்டு: செய்யத் தெரிந்த கை, வினவத் தெரிந்த மனம். தன் சட்டையைத் தைக்கவும், குழந்தையைக் குளிப்பாட்டவும், சோறு வடிக்கவும் தெரிந்த ஒருவன் வீட்டில் எவ்வாறு நடந்துகொள்வான் என்பது அவன் பொறுப்பு. ஆனால், எனக்குத் தெரியாதே என்ற சாட்டு அவனுக்கு இருக்காது.

இரண்டாவது ஆட்சேபம் எமது தோழர்களிடமிருந்தே வருவது. பெண்ணுக்கு வேண்டியது கணனியும் பௌதிகமும். வீட்டுவேலை ஒழிக்கப்பட வேண்டிய தளை. அதற்குப் பாடநூல் எழுதி ஆயுளை நீட்டுவதா என்பர். இவ்வாதத்தின் பின்னால் மதிப்புக்குரிய மரபொன்று உண்டு. சட்டங்கள் யாவும் சமத்துவத்தை வழங்கிய பின்னரும் பெண் வீட்டு அடிமையாகவே இருக்கின்றாள் என்று லெனின் 1919 இல் எழுதினார். பொதுப் போசனசாலைகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் அவர் விடுதலையின் முளைகளைக் கண்டார். அதில் உண்மை உண்டு. மலையகத்திற் கொழுந்து பறித்து மாலையில் லயத்துக்குத் திரும்பும் தாய்க்கு, ஒழுங்கான பிள்ளைக் காப்பகத்தைவிடப் பெரிய பெண்ணுரிமை பேச்சளவில் எதுவுமில்லை.

ஆனால் அக்காப்பகத்தில் யார் வேலை செய்வர்? எமது முன்பள்ளிகளிற் கற்பிப்போர் ஏறக்குறைய யாவரும் பெண்கள். அவர்கள் பெறும் வேதனமோ சொற்பம். சோவியத் நாட்டிலும் காப்பகம் பெருகியது, அதிற் பணியாற்றியவர் பெண்களே. பிற்காலத்துச் சோவியத் பாடசாலையின் தொழிற்பாட வேளையிலே பையன்கள் பட்டறைக்கும் பெண்பிள்ளைகள் தையலுக்கும் சமையலுக்கும் பிரிந்து சென்றனர். வேலை வீட்டிலிருந்து வீதிக்கு வந்தது. பெண்ணிடமிருந்து அது நீங்கவில்லை. மேலும், சில வேலைகள் எந்தச் சமுதாயத்திலும் ஒழியப்போவதில்லை. நோயாளியின் அருகே ஒருவர் விழித்திருக்கத்தான் வேண்டும். அழும் குழந்தையை ஒருவர் தூக்கத்தான் வேண்டும். மனிதனை மனிதன் பேணும் இவ்வேலை தளையாக இருப்பதற்குக் காரணம், அது ஒரு சாராரின் மேல் மாத்திரம் சுமத்தப்பட்டமையே. பெண்ணுக்குப் பௌதிகம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அது கிடைத்த பின்னும் ஆணுக்கு அடுக்களை கிடைக்காவிட்டாற் கணக்கு நேராகாது.

மூன்றாவது ஆட்சேபம் ஆசிரியர்களுடையது: இருக்கும் பாடங்களே பெருஞ்சுமை, இன்னொன்றைச் சேர்த்தால் அதற்கும் தனியார் வகுப்பு ஒன்று முளைக்கும். இது முற்றிலும் உண்மை. மனைப்பொருளியலும் பரீட்சைக்கு வந்தால், 'பருப்பை அவிக்கும் படிமுறைகள் ஐந்து தருக' என்ற வினாவுக்கு, அடுப்பையே மூட்டியறியாத பிள்ளை மனப்பாடமாக விடை எழுதிச் சிறப்புச் சித்தி பெறும். ஆகவே இதனைப் பரீட்சைப் பாடமாக்கலாகாது. ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை, வேறெங்கோ நேரத்தைக் குறைத்து, எல்லாப் பிள்ளைகளும் செய்து பழகும் வேளையாக அது அமைய வேண்டும்.

இதனாற் கற்றல் தாழ்ந்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. ஓர் உதாரணம் போதும். வயிற்றோட்டத்தால் வாடும் குழந்தைக்கு, ஒரு லீற்றர் சுத்தமான நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். இதனை வகுப்பிற் செய்து பார்க்கும் பிள்ளை விகிதசமத்தைக் கற்கின்றது. உப்புக் கூடினாற் குழந்தைக்கு ஆபத்து என்று அறியும்போது, அளவு பிசகுதல் என்பது அப்பியாசக் கொப்பியிற் சிவப்புக் கோடு மாத்திரமன்று என்பதை உணர்கின்றது. சீனி உப்புடன் சேர்ந்து குடலினூடு நீரை உள்ளிழுக்க உதவுகின்றது என்று அறியும்போது உயிரியல் தொடங்குகின்றது. நீர் சுத்தமாயில்லாத குடியிருப்பு எது, அது ஏன் அவ்வாறிருக்கின்றது என்று கேட்கும்போது சமூகக்கல்வி தொடங்குகின்றது. நான்கு பாடங்கள் ஒரு கோப்பையில் வந்து சேர்கின்றன. மனனத்திலிருந்து கல்வியை மீட்க வேண்டுமென்று எல்லா அறிக்கைகளும் கூறுகின்றன; மீட்சிக்குரிய பொருள்கள் பிள்ளையின் வீட்டிலேயே கிடக்கின்றன. பெண்களின் வேலை என்று அவற்றை அறிவின் எல்லைக்கு வெளியே வைத்தமையால் ஆண்பிள்ளைக்கு ஒரு திறமை நட்டமாயிற்று. கல்விக்கோ பெரிய கருவூலமே நட்டமாயிற்று.

6

தமிழ் கற்பிப்போருக்கு இதில் தனிப்பட்ட பொறுப்பொன்று உண்டு. சமத்துவம் பேசுவோர் சிலர், பெண்ணைத் தாழ்த்தும் பகுதிகளைப் பழைய இலக்கியத்திலிருந்து நீக்கிவிட்டாற் போதுமென்று கருதுகின்றனர். பழமை பேணுவோர், அவற்றைத் தொடுவதே பாவம் என்கின்றனர். இரு சாராரும் பிள்ளைகளைச் சிந்திக்கத் தெரியாதவர்களாக எண்ணுகின்றனர்.

பொன்முடியார் பாடிய புறநானூற்று 312 ஆம் பாட்டு யாவரும் அறிந்தது. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் அது கடமை வகுக்கின்றது. வீரயுகத்தின் வேலைப்பிரிவினையை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் சான்று வேறில்லை. இப்பாட்டை வழமைபோற் பதவுரை, பொழிப்புரை, அணி என்று கற்பித்துவிட்டுச் செல்லலாம். அல்லது பிள்ளைகளிடம் ஒரு வினாவைக் கேட்கலாம்: இப்பட்டியலில் இல்லாதவர் யார்? மகள் இல்லை. அவளுக்குக் கடமை கூற வேண்டிய அவசியமே எழவில்லை. அவள் நாளைய தாய் என்பது சொல்லாமலே கொள்ளப்பட்டது. அதே வேளையில், அப்பட்டியலை வகுத்த புலவரே ஒரு பெண். வேல் வடிக்கும் கொல்லனையும் வேந்தனையும் கடமை கூறி நிறுத்தும் அதிகாரம் அவள் சொல்லுக்கு இருந்திருக்கின்றது. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே கண்ட மாணவன் பழமையை இகழவும் மாட்டான், அதற்கு அடிபணியவும் மாட்டான். திருக்குறளின் 'பெண்வழிச் சேறல்' என்ற அதிகாரத்தையும் இவ்வாறே கற்பிக்கலாம். அதனைப் பாடவிதானத்திலிருந்து அகற்றினால், அது மேடையிலும் திருமண வீட்டிலும் வினவப்படாமல் வழங்கிக்கொண்டிருக்கும். வகுப்பறை ஒன்றே அதனை வினவக்கூடிய இடம்.

7

மேலே கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படும். வீட்டையும் உடலையும் பேணும் வேலை, ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை இருபாலாருக்கும் பொதுவாதல் வேண்டும். பட்டறை வேலையும் அவ்வாறே பொதுவாதல் வேண்டும். பெண்கள் பாடசாலைக்கு உளியும் மின்சுற்றும் போக வேண்டும், ஆண்கள் பாடசாலைக்கு அடுப்பும் ஊசியும் போக வேண்டும். அவற்றுக்குப் பரீட்சை கூடாது. கற்பிப்போருள் ஆண்களும் இருத்தல் வேண்டும். அதற்குக் கல்வியியற் கல்லூரிகளிலேயே வழி செய்யப்பட வேண்டும். பாடநூலின் படங்களிலே தாயின் கையிலிருந்து அகப்பையை வாங்கித் தகப்பனின் கையிற் கொடுத்துவிட்டுச் சீர்திருத்தம் முடிந்ததென்று திருப்தியடையும் வழக்கமும் ஒழிதல் வேண்டும். படத்திலுள்ள தகப்பனைவிட, வகுப்பிலுள்ள பையனின் கையே முக்கியம்.

இவை யாவும் வளமுள்ள பாடசாலைகளுக்கு மாத்திரம் வாய்க்குமானால், நாம் பழைய தவறையே புதிய பெயரிற் செய்தவராவோம். குழாயில் நீர் வராத தோட்டப் பாடசாலையில் மனைப்பொருளியல் கற்பிக்க முடியாது. பொறியியலும் கற்பிக்க முடியாது. ஒரே பாடவிதானம் என்பது ஒரே வசதி என்பதனோடு சேர்ந்தே கேட்கப்பட வேண்டிய கோரிக்கை. ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்துக்காகப் போராடுவது நியாயம். நேரசூசியில் என்ன இருக்கின்றது, அது யாருக்கு ஒதுக்கப்படுகின்றது என்பதும் அவர்களுடைய போராட்டப் பொருளாக வேண்டும். அதனை அமைச்சின் குழுக்களிடம் விட்டுவிட்டுப் பின்னர் முறையிடுவதிற் பயனில்லை.

நூற்றாண்டுக்கு முன் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்டார்கள். அவ்வினாவை இன்று எவரும் கேட்பதில்லை, கேட்பவர் நகைப்புக்கிடமாவர். ஆணுக்கு அடுக்களை எதற்கு என்பது இன்று நல்லோர் பலரும் கூசாமற் கேட்கும் வினாவாக இருக்கின்றது. அதனையும் நகைப்புக்குரியதாக்கும் வேலை எங்கு தொடங்க வேண்டுமென்றால், நாம் நாளாந்தம் மணியடித்துத் தொடங்கும் இடத்திலேயே தொடங்க வேண்டும்.